தீவுத்திடல்: காலி செய்தவர்கள் யார்?



நினைவுரை என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த ஐயாவுக்கு அந்த வழக்கம் பிடிக்காது. “என்னைப் பத்திப் பேசி என்ன ஆகப்போவுது? ஒரு இடத்தைப் பத்திப் பேசுங்க, ஒரு சட்டத்தைப் பத்திப் பேசுங்க, கேக்கறவனுக்கு நாளைக்கு உதவும்” என்பார். அவர் சொல்படியே இன்று ஓர் இடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த இடத்தைப் பற்றி எனக்கும் அவருக்கும் முடியாமல் நின்றுபோன ஓர் உரையாடலும் உண்டு.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சமூகவியல் முதுகலைப் படிப்புக்காகக் கூவம் கரைக் குடியிருப்புகளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினேன். முதல் இயலின் முதல் வரி இப்படி இருந்தது: “தீவுத்திடல் என்பது சென்னையின் நடுவே நீண்ட காலமாகக் காலியாக இருந்துவரும் நிலம்.” அச்சுக்குப் போகும் முன் ஐயாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ‘காலியாக’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: “யாரும்மா காலி பண்ணது?”

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லை மட்டும் ‘வெட்டவெளியாக’ என்று மாற்றிவிட்டு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் கேள்விக்குப் பதில் தேட இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்த உரையை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் தீவுத்திடலுக்குப் போயிருப்பீர்கள். பொங்கலை ஒட்டிப் பொருட்காட்சி, தீபாவளிக்குப் பட்டாசுக் கடை, இசை நிகழ்ச்சி, கட்சி மாநாடு. நானும் சிறுமியாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ராட்டினம், என் முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம், அரசுத் துறைகளின் அரங்குகள். அப்பா ஒரு நாள் கூலியை அங்கே ஒரே மாலையில் செலவழித்தார். அதனால் அந்த இடத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. ஏழைகள் குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வரக்கூடிய இடங்கள் இந்த நகரத்தில் குறைவு. அதை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

ஆனால் அங்கே போகிறவர்களில் பலருக்கு அது உண்மையாகவே ஒரு தீவு என்பது தெரியாது. பாலம் ஏறி இறங்குவதைக் கவனிப்பதில்லை. கூவம் அங்கே இரண்டாகப் பிரிந்து, திடலைச் சுற்றிவந்து, நேப்பியர் பாலத்துக்கு அருகே கடலை நோக்கிப் போகிறது. இந்தத் தீவு இயற்கையாக முழுமையடைந்ததும் அல்ல. கம்பெனிக்காரர்கள் வந்த காலத்தில் இரண்டு ஆறுகள் இருந்தன. ஒன்று, அவர்கள் திருவல்லிக்கேணி ஆறு என்று எழுதிய கூவம். மற்றொன்று, வடக்கிலிருந்து கோட்டையின் மேற்குப் பக்கமாக ஓடிவந்த எலம்பூர் ஆறு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரண்டையும் மேற்கே ஒரு வெட்டுக்காலால் இணைத்தார்கள். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தது. ஆங்கில ஆவணங்களில் அதற்குப் பெயரே ‘தீவு’ என்றாகிவிட்டது. 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட் தயாரிக்கச் சொன்ன நகர வரைபடத்தில் அந்தத் தீவைப் பார்க்கலாம். கோட்டைக்குள் இருந்த வெள்ளையர்கள் காற்று வாங்கவும் உலாவவும் அது இடமாயிற்று. ஆக, அது பொழுதுபோக்கு இடமாகி 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

வெட்டுக்கால் தானாக வெட்டிக்கொள்ளாது. மண்ணை வெட்டிக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்கிக் கரையில் கொட்ட வேண்டும். இந்த மண்ணில் அந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுநரின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது, கூடை தூக்கியவரின் பெயர் இல்லை.

அடுத்து 18ஆம் நூற்றாண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் கோட்டையைப் பலப்படுத்தத் தொடங்கினார்கள். கோட்டையை மேற்குப் பக்கம் விரிக்க எலம்பூர் ஆறு குறுக்கே நின்றது. ஆற்றையே நகர்த்தினார்கள். பழைய ஆற்றுப் படுகையைத் தூர்க்க நரிமேடு என்ற குன்றின் மண்ணை எடுத்தார்கள். கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த ‘கருப்பர் நகரம்’, அதாவது இந்த மண்ணின் மக்கள் வாழ்ந்த ஊர், சில ஆண்டுகளுக்குள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய ஊர் இருந்த இடத்தில்தான். 1773இல் 13 எல்லைத் தூண்களை நட்டு, அதற்கும் கோட்டைக்கும் இடையே யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்றார்கள். அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது.

ஏன் கட்டக் கூடாது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குறுக்கே சுவர் எதுவும் இருக்கக் கூடாது. எதிரி மறைந்து நிற்க வீடு இருக்கக் கூடாது. நகரத்தின் நடுவே நாம் பார்க்கும் திறந்தவெளி முதலில் பூங்காவாகத் திட்டமிடப்பட்டதல்ல, சுடுவதற்காகத் திறந்து வைக்கப்பட்டது. தீவின் பெரும்பகுதி இன்றும் இராணுவத்திடம் இருப்பதற்கான வேர் அங்கே இருக்கிறது. ஐயாவின் கேள்விக்கு முதல் பதிலும் அங்கேயே கிடைக்கிறது: காலி செய்தது பீரங்கி.

தீவின் வழியாக அண்ணா சாலையில் போகிறவர்கள் எல்லோரும் ஒரு குதிரை வீரனின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநர். சிற்பி சான்ட்ரி செய்த அந்தச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால்மிதியும் இல்லை என்று வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்வார்கள். நான் உங்களுக்கு வேறொன்றைச் சொல்கிறேன். நிலத்தை யார் பெயரில் எழுதுவது என்று முடிவு செய்த இரயத்துவாரி முறையின் தலைமைச் சிற்பி இந்த மன்றோ. வரி கட்டுகிறவன் பெயரில் பட்டா என்பது அதன் அடிப்படை. ஏர் பிடித்து, சேற்றில் இறங்கி, கதிர் அறுத்த பறையருக்கும் பள்ளருக்கும் சக்கிலியருக்கும் அந்தப் பட்டாவில் இடமில்லை. செங்கல்பட்டுச் சீமையில் தரிசு நிலத்துக்குக்கூட மிராசுதார் முதல் உரிமை கேட்டார். சேரி மக்கள் குடியிருந்த குடிசையின் மண்ணே அவர்களுடையது இல்லை என்ற நிலை. இதை 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் தன் அறிக்கையில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையில்தான் நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது.

நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? பட்டணத்துக்கு வருவார்கள். துறைமுகத்துக்கு, சந்தைக்கு, இரயிலடிக்கு. யாரும் உரிமை கொண்டாடாத ஆற்றங்கரையில் ஓலை போடுவார்கள். பட்டா முறையை வகுத்தவரின் சிலையும், பட்டா இல்லாமல் வந்தவர்களின் குடிசையும் கூவத்தின் கரையில் கூப்பிடு தூரத்தில் இருந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். நிவாரணம் என்ற பெயரில் வேலை கொடுத்தார்கள். அந்த வேலைகளில் ஒன்று, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டியது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரை அதற்கு வைத்தார்கள். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுதும் மண் வெட்ட வேண்டும். பஞ்சத்தில் முதலில் பட்டினிக்கு ஆளானவர்கள் நிலமற்ற கூலிகள். நம் பாட்டன் பூட்டிகள்.

அந்தக் கால்வாய் வெட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன நிலையில், 1884இல், தீவில் ஜிம்கானா கிளப் தொடங்கப்பட்டது. வெள்ளை இராணுவ அதிகாரிகளின் விளையாட்டும் கேளிக்கையும் அங்கே நடந்தன. ஒரே ஆற்றின் ஓரத்தில், பத்து ஆண்டுகளுக்குள், இரண்டு காட்சிகள். ஒன்றில் 450 கிராம் தானியத்துக்கு மண் சுமந்தவர்கள், மற்றொன்றில் பொழுதுபோக்க இடம் கேட்டுப் பெற்றவர்கள். மாணவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் கால்வாய் ஒரு பாடத்திலும் கிளப் வேறொரு பாடத்திலும் வரும்.

‘பொது இடம்’ என்ற சொல்லுக்கும் நம் மக்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள், இவை எல்லாம் ஆதிதிராவிடர் உள்பட எல்லா மக்களுக்கும் உரியவை என்பதை அரசு ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். தெருவில் நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்தது. அப்படி வாங்கிய உரிமையில்தான் என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பொருட்காட்சி பார்த்தார். அதனால்தான் கேட்கிறேன்: பொது இடத்துக்குள் நுழைய நமக்கு உரிமை உண்டு என்றான பிறகு, அதன் பக்கத்தில் குடியிருக்க ஏன் உரிமை இல்லாமல் போயிற்று?

தீவுத்திடலை ஒட்டிய கூவம் கரையில் ஒரு குடியிருப்பு இருந்தது. பெயர் சத்தியவாணி முத்து நகர். இளைய தோழர்களுக்காக அந்தப் பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. சத்தியவாணி முத்து 1923இல் பிறந்தவர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் காலத் தலைவர்களில் ஒருவர். குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். 1957இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் போனார். 1967இல் அமைந்த அண்ணா அமைச்சரவையில் அமைச்சர். 1974இல், தாழ்த்தப்பட்டவர்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி, பதவியையும் கட்சியையும் விட்டு வெளியே வந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1979இல் ஒன்றிய அமைச்சரானார். எழுத்தாளர், பத்திரிகை நடத்தியவர். அப்படிப்பட்ட ஒரு தலித் பெண் தலைவரின் பெயரைத் தாங்கிய தெருக்களை, 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவில், பொக்லைன் எந்திரம் வந்து இடிக்கத் தொடங்கியது. கூவம் சீரமைப்பு என்பது சொல்லப்பட்ட காரணம். குடும்பங்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன.

என் ஆய்வுக் காலத்திலிருந்தே பழக்கமான ஓர் அக்கா அங்கே இருந்தார். இரயிலடி பக்கம் பூ விற்பவர். பொருட்காட்சி நடக்கும் மாதங்களில் திடலில் பெருக்கும் வேலைக்குப் போவார். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “கொட்டா போட்றதுக்கு நாங்க வேணும், பெருக்கறதுக்கு நாங்க வேணும். குந்தறதுக்கு மட்டும் எடம் இல்லியாம்மா?” அவர் மகள் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. பள்ளிக்குப் போய்வர நாளைக்கு நான்கு மணி நேரம் பேருந்தில் போயிற்று. பூ வியாபாரம் நின்றுபோனது. விடிகாலையில் பூ வாங்க வர அங்கிருந்து பேருந்து இல்லை.

இங்கே எதிர்த் தரப்பின் வாதத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்து, 2015 வெள்ளத்தில் பார்த்தோமே, ஆறு உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நம் வீடுதான், கூவத்தின் நாற்றத்தை நுரையீரலில் சுமந்ததும் நாம்தான். ஆறு சுத்தமாக வேண்டும் என்று நம்மைவிட அதிகமாக யார் விரும்ப முடியும்? ஆனால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பஞ்சத்தில் நம் மக்கள் வெட்டிய அதே பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே பறக்கும் இரயிலின் தூண்களை இறக்கினார்கள். அது வளர்ச்சி, ஓலைக் குடிசை ஆக்கிரமிப்பு. வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நம்மைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் சதுப்புத் தண்ணீர்.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, 1971இல் சட்டம் இயற்றியபோது, முதல் ஆண்டுகளில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். வீடுகள் சிறியவை, குறைகள் உண்டு. ஆனால் பள்ளியும் வேலையும் நடக்கும் தூரத்தில் இருந்தன. 1985இல் உச்சநீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அதே வேளையில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் தீர்க்கப்பட்டது. அதில், மாற்று இடம் கொடுத்த பிறகே அகற்றுவது என்ற தமிழ்நாடு அரசின் அணுகுமுறையை நீதிமன்றம் குறித்துக்கொண்டது. எவ்வளவு தூரத்தில் அந்த மாற்று இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த எழுதாத வரிக்குள் புகுந்துதான் 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் நகரத்துக்கு வெளியே எழுந்தன.

இதைச் சாதியில்லாத ‘நகர்ப்புற ஏழைகள்’ பிரச்சினையாகப் பேசுவது வசதியாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. குடிசைப் பகுதி மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை, நகரத்துக்கு வெளியே மறுகுடியமர்வு என்று பெரிதாக்கி வரைந்திருக்கிறார்கள். பெரும்பாக்கத்து முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்கே வளரும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சேரி என்ற சொல்லைப் போலவே அந்த முகவரியும் வேலை செய்கிறது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நீளத்துக்கு இரவில் கார் பந்தயம் நடந்தது. உலகமே சென்னையைப் பார்த்தது என்றார்கள். விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் அந்த அக்காவின் மகளிடம் கேட்டேன், பார்த்தாயா என்று. கைபேசியில் பார்த்தாளாம். “எங்க தெரு இருந்த பக்கம் காமிப்பாங்கன்னு பாத்துனே இருந்தேன்க்கா. சொய்ங்குனு போயிடுச்சு” என்றாள்.

தோழர்களே, நம்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. நகரத்தின் வரலாறு என்றால் கோட்டை, சிலை, பாலம் என்று மற்றவர்கள் எழுதியதை நாமும் படித்து ஒப்பித்தோம். என் ஆய்வேட்டின் முதல் வரியே அதற்குச் சாட்சி. சத்தியவாணி முத்து நகர் இடிபட்டபோது நம்மில் எத்தனை பேர் அங்கே நின்றோம்? நான் இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். அங்கிருந்தவர்களுக்கு மூன்றாம் நாள் என்று ஒன்று கிடையாது, தெருவே இல்லை.

அதனால் மூன்று வேலைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, மாணவர்களுக்கு. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போங்கள். அங்கே இருக்கும் முதியவர்களிடம் பழைய குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், மின்கட்டண ரசீது இருக்கும். அவற்றில் பழைய முகவரி இருக்கும். தெருத் தெருவாக, வீடு வீடாக அந்த முகவரிகளைச் சேர்த்து ஒரு வரைபடம் போடுங்கள். பிட் காலத்து வரைபடத்தில் தீவு மட்டும் இருக்கிறது. தீவைச் சுற்றி வாழ்ந்தவர்களின் வரைபடத்தை நாம்தான் போட வேண்டும்.

இரண்டாவது, இயக்கங்களுக்கு. மறுகுடியமர்வு என்றால் இத்தனை கிலோமீட்டருக்குள் என்று சட்டத்தில் எழுத வைக்க வேண்டும். ‘மாற்று இடம்’ என்ற இரண்டு சொல்லுக்கு எல்லை வகுக்காத வரை எந்தத் தீர்ப்பும் நம்மைக் காப்பாற்றாது. நடுக் கல்வியாண்டில் இடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்போம்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். திடலின் ஓரத்தில் ஒரு கல் வைக்கச் சொல்லிக் கேட்போம். மன்றோவுக்குக் குதிரையோடு சிலை இருக்கிறது. வெட்டுக்கால் வெட்டியவர்களுக்கும், பஞ்சத்தில் கால்வாய் தோண்டியவர்களுக்கும், சத்தியவாணி முத்து நகர்க்காரர்களுக்கும் ஒரு கல் போதும். பொருட்காட்சிக்கு வரும் பிள்ளை அப்பளம் தின்றுகொண்டே அதை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

ஐயா போட்ட சிவப்புக் கோடு உள்ள அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதை இன்று மன்ற நூலகத்திடம் ஒப்படைக்கிறேன். முதல் வரியைத் திருத்தியிருக்கிறேன்: “தீவுத்திடல் என்பது சென்னையின் நடுவே மீண்டும் மீண்டும் காலி செய்யப்பட்டுவரும் நிலம்.” இனி அதைப் பற்றி எழுதப் போகும் மாணவர் இந்த வரியிலிருந்து தொடங்கட்டும்.